ஓராண்டைக் கணக்குப் பார்ப்பது எப்படி? நாள்வழியிலிருந்து ஐந்தொகை வரை ஒரு முழு வழிகாட்டி

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 14 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். மார்ச் 31 வந்தால் கம்பெனியின் வருடத்தை மூடுவது என் பொறுப்பு. வவுச்சர்களை, அதாவது ஒவ்வொரு கணக்குக்கும் ஆதாரமான சீட்டுகளை அடுக்கி, பாக்கிகளைப் பார்த்து, ஒரு ரூபாய் இடித்தாலும் எங்கே இடிக்கிறது என்று தேடிச் சரிக்கட்டிய பிறகுதான் கையெழுத்துக்கு அனுப்புவேன். என் சொந்த வருடத்தை மட்டும் அப்படி மூடியதில்லை. டிசம்பர் கடைசியில் யாராவது "இந்த வருஷம் எப்படிப் போச்சு?" என்று கேட்டால், "என்னமோ ஓடிருச்சு" என்பேன். நாலு வருடத்துக்கு முன்பு ஒருநாள் அந்தப் பதில் எனக்கே உறுத்தியது. 365 நாள் வேலை பார்த்திருக்கிறேன், ஊருக்குப் போய் வந்திருக்கிறேன், விடியற்காலையில் எழுந்து குளத்தங்கரையில் நின்றிருக்கிறேன். அதற்கெல்லாம் ஒரு பக்கக் கணக்குகூட என்னிடம் இல்லை.

அப்போதிருந்து எனக்குத் தெரிந்த கணக்கு முறையையே வருடத்துக்கும் வைத்துப் பார்க்கிறேன். பர்மா, மலாயா, இலங்கை என்று கடை வைத்திருந்த நகரத்தார்கள் குறிப்பு, பேரேடு, ஐந்தொகை என்ற வரிசையில் கணக்கு எழுதினார்கள். முதலில் நடந்ததை நாள் வாரியாக எழுதுவது (நான் நாள்வழி என்பது இதைத்தான்), அப்புறம் தலைப்பு வாரியாகப் பிரிப்பது (பேரேடு), கடைசியில் ஒரே பக்கத்தில் நிலவரம் பார்ப்பது (ஐந்தொகை). இந்த வரிசையை மாற்றவே கூடாது. ஆண்டைத் திரும்பிப் பார்க்க உட்காரும் பலர் நேராக ஐந்தொகைக்குப் போய்விடுகிறார்கள். "நல்ல வருஷமா, கெட்ட வருஷமா?" என்பதுதான் முதல் கேள்வியாக வருகிறது. நாள்வழி எழுதாமல் போட்ட ஐந்தொகையில் எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார்.

2025ஆம் ஆண்டை நான் மூடிய விதத்தை வைத்தே சொல்கிறேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை, மொத்தம் எட்டு மணி நேரம் ஆனது.

எந்த வருடம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

அலுவலகத்துக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை ஒரு வருடம். பள்ளிக்கு ஜூன் முதல் ஏப்ரல் வரை. வீட்டுப் பெரியவர்களுக்குச் சித்திரையில் வருடம் பிறக்கிறது. எதை வைத்தாலும் சரிதான், ஆனால் பாதியில் மாற்றக் கூடாது. நான் ஜனவரி முதல் டிசம்பர் வரை வைத்துக்கொள்கிறேன். போனில் இருக்கும் படங்களும் சுவரில் தொங்கும் காலண்டரும் அந்தக் கணக்கில்தான் இருக்கின்றன. சம்பளம், வருமான வரி இரண்டுக்கு மட்டும் ஏப்ரல் – மார்ச் கணக்கைத் தனியாகப் பார்த்தால் போதும்.

படி 1: எதையும் பார்க்காமல் ஒரு பக்கம்

போனைத் தொடுவதற்கு முன், காலண்டரைப் புரட்டுவதற்கு முன், ஒரு தாளை எடுத்து 15 நிமிடம் ஞாபகத்திலிருந்து மட்டும் எழுதுங்கள். வருகிற வரிசையிலேயே வரட்டும். என்னுடைய பக்கத்தில் இப்படி இருந்தது: அமெரிக்க வரி. ஜிஎஸ்டி மாற்றம். அம்மாவின் கண் ஆபரேஷன். ராமேஸ்வரம். வீணை விட்டுப்போச்சு. பறவை பார்க்கச் சரியாகவே போகவில்லை, ஐந்தாறு தடவை இருக்கும்.

எழுதி முடித்ததும் தேதி போட்டு, மடித்து, ஒரு உறைக்குள் வைத்துவிடுங்கள். திருத்த வேண்டாம். கடைசியில் இது தேவைப்படும்.

படி 2: வவுச்சர் சேர்ப்பது

அதிக நேரம் பிடிக்கும் படி இது. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

சமையலறையிலிருந்து தொடங்குங்கள். எங்கள் வீட்டில் பிரிட்ஜுக்குப் பக்கத்து ஆணியில் மளிகைக் கடைக்காரர் கொடுத்த மாதக் காலண்டர் தொங்குகிறது. அதில் எழுதுவது அம்மா மட்டும்தான். பால் வாங்காத நாளில் பெருக்கல் குறி. சிலிண்டர் மாட்டிய நாளைச் சுற்றி ஒரு வட்டம். மாவு அரைத்த கணக்கு ஓரத்தில் கோடுகளாக. ஜூன் மாதத் தாளில் ஒன்பது கட்டங்களில் தொடர்ந்து பெருக்கல் குறி இருந்தது. பத்தாவது கட்டத்தில், எழுத்து கொஞ்சம் பெரிதாக, "2 பாக்கெட்" என்று எழுதியிருந்தார். அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக மதுரையில் அக்கா வீட்டில் தங்கியிருந்த ஒன்பது நாள் அது. திரும்பி வந்ததும் அம்மா முதலில் எழுதியது பால் கணக்கு. எழுத்து பெரிதாக இருப்பதற்குக் காரணம், ஒரு கண்ணில் அப்போதும் பச்சை மறைப்பு போட்டிருந்தார். என் போனில் அந்த வாரத்துப் படம் ஒன்றுகூட இல்லை. காலண்டர் இல்லாவிட்டால் அந்த ஒன்பது நாள் "ஆபரேஷன்" என்ற ஒரே சொல்லாகச் சுருங்கிப் போயிருக்கும். மாதம் முடிந்ததும் தாளைக் கிழித்து அலமாரிக்கு விரிப்பாகப் போடும் பழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், தயவுசெய்து அதற்கு முன் ஒரு படமாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது போன். படங்களை மாத வாரியாகப் பாருங்கள். அழகான படங்களில் நின்றுவிட வேண்டாம். மருந்துச் சீட்டைப் படம் எடுத்தது, மீட்டர் ரீடிங், யாருக்கோ அனுப்பிய பில், வண்டி நிறுத்திய இடத்தின் தூண் எண் ஆகியவைதான் நல்ல வவுச்சர்கள். எந்த நாளில் எங்கே இருந்தீர்கள் என்பதற்கு அவற்றைவிடச் சாட்சி கிடையாது.

கூகுள் மேப்ஸில் டைம்லைன் வசதியை இயக்கி வைத்திருந்தால் போன இடங்கள் நாள் வாரியாகக் கிடைக்கும். ஒன்றைக் கவனியுங்கள். 2024இல் இந்தப் பதிவுகளைத் தன் சர்வரிலிருந்து அவரவர் போனுக்கே கூகுள் மாற்றத் தொடங்கியது. நாம் எதையும் மாற்றாமல் விட்டால் 3 மாதத்துக்கு முந்தியது தானாக அழிந்துவிடும். அந்த அமைப்பை மாற்றி, காப்புப் பிரதியையும் இயக்கி வையுங்கள். போன் மாற்றும்போது காப்புப் பிரதி இல்லாவிட்டால் எல்லாம் போய்விடும்.

வங்கிக் கணக்கு அறிக்கையை ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை பிடிஎஃப் ஆக இறக்குங்கள். யுபிஐ வந்த பிறகு வங்கி அறிக்கையே ஒரு நாட்குறிப்பு மாதிரி ஆகிவிட்டது. 15 ரூபாய் டீ குடித்த ஊர்கூடக் கடைக்காரர் பெயரோடு இருக்கிறது. தொகையைக் கூட்டிப் பார்க்க வேண்டாம், அது வேறு வேலை. பெயரையும் தேதியையும் மட்டும் பாருங்கள். இரண்டாவது ஞாயிறு முடிந்ததும் அந்தக் கோப்பைப் போனிலிருந்து அழித்துவிடுங்கள்.

வேலைக்கு ஒரே ஒரு நல்ல வவுச்சர் இருக்கிறது: அனுப்பிய மின்னஞ்சல். வந்த மின்னஞ்சல் மற்றவர்களின் வேலையைச் சொல்லும், அனுப்பியது உங்கள் வேலையைச் சொல்லும். மின்னஞ்சல் இல்லாத வேலை என்றால் வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பிய படங்களும் குரல் பதிவுகளும் அந்த இடத்தை நிரப்பும்.

பயணத்துக்கு, ரயில் டிக்கெட் முன்பதிவுக் கணக்கில் பழைய பதிவுகள் இருக்கும். பஸ் டிக்கெட் கதை வேறு. கண்டக்டர் மெஷினில் அடித்துத் தரும் தாள் வெயிலுக்கும் சூட்டுக்கும் மங்கிவிடும். மே மாதம் பர்ஸில் வைத்த டிக்கெட்டை டிசம்பரில் எடுத்தால் வெள்ளைத் தாள்தான் இருக்கும். வாங்கிய அன்றே பின்பக்கம் பேனாவால் ஊர் பெயரும் தேதியும் எழுதிவிடுவது என் வழக்கம்.

படி 3: நாள்வழி எழுதுவது

12 தாள்கள், மாதத்துக்கு ஒன்று. ஒவ்வொரு வவுச்சரையும் அந்தந்த மாதத் தாளில் ஒரு வரியாக ஏற்றுங்கள். தேதி, கிழமை, நடந்தது. அவ்வளவுதான். "அருமையான", "மோசமான", "வீணாய்ப்போன" மாதிரிச் சொற்களுக்கு இந்தத் தாளில் இடமில்லை. மதிப்புப் போட நேரம் வரும், இப்போது இல்லை. இந்த ஒரு கட்டுப்பாட்டில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

என் ஆகஸ்ட் தாளிலிருந்து சில வரிகள்:

7, வியாழன். இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 25 சதவீதக் கூடுதல் வரி அமல். பையரிடமிருந்து (ஆர்டர் தருபவர்) மாலை 6.40க்கு மெயில்.
9, சனி. சம்பளப் பட்டுவாடா.
10, ஞாயிறு. குளம், காலை 6.15 முதல் 8.05 வரை. 31 இனம்.
17, ஞாயிறு. மகளுக்குச் சைக்கிள் செயின் மாட்டக் கற்றுக்கொடுத்தேன்.
24, ஞாயிறு. குளம். மழை, அரை மணி நேரத்தில் திரும்பினேன்.
27, புதன். விநாயகர் சதுர்த்தி. மேலும் 25 சதவீதம், மொத்தம் 50. மாலையில் முதலாளி, மேனேஜர், கட்டிங் மாஸ்டர், நான் உட்கார்ந்து பேசினோம்.

என் ஞாபகத்தில் ஆகஸ்ட் முழுக்க இருட்டு. பின்னலாடையை நம்பியிருக்கிற ஊரில் அன்றைக்கு எந்த டீக்கடையில் நின்றாலும் அந்த 50 சதவீதத்தைப் பற்றித்தான் பேச்சு. பாதி தைத்த ஆர்டரை நிறுத்தி வைக்கச் சொன்னார்கள். ஓவர்லாக் மெஷின்கள் வரிசையாகச் சும்மா நின்றதை நான் பார்த்தேன். அதெல்லாம் நடந்தது, எழுதியும் இருக்கிறேன். ஆனால் அதே தாளில் செயின் கிரீஸ் ஒட்டிய விரல்களோடு மகள் எடுத்த படத்தின் தேதியும் இருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் அடியோடு மறந்திருந்தேன்.

சில நாள்களுக்கு எந்த வவுச்சரும் கிடைக்காது. விட்டுவிடுங்கள். ஊகித்து எழுத வேண்டாம். என் 2025இல் 140 நாள் வெற்றுதான். மாதத்துக்குப் பத்துப் பதினைந்து வரி இருந்தாலே போதும்.

படி 4: பேரேட்டில் பிரிப்பது

இப்போது 12 தாள்களையும் மேசையில் பரப்பி, வேலை, பயணம், பொழுதுபோக்கு என்று மூன்று பேரேட்டுப் பக்கங்கள் திறவுங்கள். நாலாவதாக "வீடும் உடம்பும்" என்று ஒன்று தேவைப்படும். முதல் வருடம் அதை நான் வைக்கவில்லை. கணக்கு இடித்துக்கொண்டே இருந்தது. காய்ச்சலில் கிடந்த வாரமும், சீர், காதுகுத்து, துக்க வீடு என்று போன நாள்களும் வேறெங்கும் உட்கார மாட்டேன் என்றன.

வேலைப் பக்கத்தில் "என்னென்ன பார்த்தேன்" என்று எழுதாமல் "என்னென்ன முடித்தேன்" என்று எழுதுங்கள். என் வேலையில் மாதம் தேதிகளால் ஆனது. 7ஆம் தேதி டிடிஎஸ் (பிடித்த வருமான வரியைக் கட்டுவது), 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர் 1 (விற்பனை விவரம்), 15ஆம் தேதி தொழிலாளர்களின் பிஎஃப்பும் இஎஸ்ஐயும், 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர் 3பி (மாத ஜிஎஸ்டி கணக்கு). இதற்கு நடுவே செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. அதுவரை 1,000 ரூபாய் வரையிலான ஆடைக்கு இருந்த 5 சதவீதம் 2,500 ரூபாய் வரை விரிந்தது, அதற்கு மேல் 18 ஆனது. பில் போடும் மென்பொருளில் ஒவ்வொரு ஐட்டமாக மாற்றினோம். முந்தின ஞாயிறு ராத்திரி 11 மணி வரை நானும் உதவிக்கு இருக்கும் தம்பியும் உட்கார்ந்தோம். அக்டோபர் 20ஆம் தேதியே தீபாவளியும் வந்தது, 3பி தாக்கல் செய்ய 25ஆம் தேதி வரை அவகாசம் நீட்டினார்கள். இவ்வளவும் எனக்கு ஞாபகத்திலேயே இருந்தவைதான்.

ஞாபகத்தில் இல்லாத ஒன்று பேரேட்டில் வந்தது. எங்கள் ஊரில் தொழிலாளர்களுக்கு வாரச் சம்பளம், சனிக்கிழமை பட்டுவாடா. 2025இல் 52 சனிக்கிழமைகள். 52 வரிகள் இருந்தன. பொங்கல் வாரத்திலும் தீபாவளி வாரத்திலும் முன்கூட்டியே கொடுத்திருக்கிறோம். மெஷின் நின்ற ஆகஸ்ட், செப்டம்பரிலும் ஒரு வாரம்கூடத் தள்ளிப் போகவில்லை. வங்கியில் பணத்தை நேரத்துக்கு ஏற்பாடு செய்ததும், பீஸ் ரேட் கணக்கை வெள்ளிக்கிழமை ராத்திரிக்குள் முடித்ததும் நான். தப்பு நடக்காத வேலை மனதில் தங்குவதில்லை. அதனால் வேலைப் பக்கத்தை நிரப்பும்போது "எது நிற்காமல் நடந்தது?" என்று கட்டாயம் கேளுங்கள். நர்ஸ், டிரைவர், வாத்தியார், வீட்டில் சமைக்கிறவர் என்று யாராக இருந்தாலும் அவர்கள் வருடத்தின் பெரும்பகுதி அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

சம்பள விவரத்துக்கு வேலை தருபவர் கொடுக்கும் படிவம் 16 இருக்கிறது. வருமான வரி இணையதளத்தில் ஆண்டுத் தகவல் அறிக்கையும் கிடைக்கும். சம்பளம், வட்டி, பங்கு ஈவு எல்லாம் ஒரே இடத்தில் தெரியும். ஒரு வரியில் எழுதிவிட்டு நகருங்கள்.

பயணப் பக்கத்தில் எத்தனை ஊர் என்று எண்ணுவதால் எனக்கு எந்தப் பயனும் தெரியவில்லை. ஒவ்வொரு பயணத்துக்கும் மூன்று வரி போதும்: யாரோடு போனேன், எதைக் கண்ணால் பார்த்தேன், யாரிடம் பேசினேன். மே மாதம் மகளோடு மதுரையிலிருந்து ராமேஸ்வரத்துக்குப் பகல் ரயிலில் போனோம். 2022 டிசம்பரில் பாம்பனைக் கடக்கும் ரயில்கள் நின்றன. அதன் பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் மண்டபத்திலேயே இறங்க வேண்டியிருந்தது. 2025 ஏப்ரல் 6 அன்று புதுப் பாலம் திறந்தார்கள். நீளம் சுமார் 2.07 கிலோமீட்டர், நடுவில் 72.5 மீட்டர் துண்டு கப்பலுக்கு வழிவிட அப்படியே நேர் மேலே எழும்பும். ரயில் மெதுவாக ஏறியதும் பெட்டியில் பேச்சு நின்றது. 1914ஆம் வருடப் பழைய பாலம் பக்கத்திலேயே துருவேறி நின்றது. எதிர் சீட்டில் இருந்த பரமக்குடி அம்மா ஒருவர் கைகூப்பினார். "கும்பிடுறது சாமியவா, கடலையாங்க?" என்று மகள் கேட்டாள். "ரெண்டும் ஒண்ணுதான் கண்ணு" என்றார். போனில் அந்தப் பயணத்தின் படங்கள் 214 இருக்கின்றன. அந்த அம்மா எதிலும் இல்லை. நாள்வழியில் மண்டபம் டீக்கடை வரியைப் பார்த்தபோதுதான் அவர் குரல் திரும்ப வந்தது, உடனே எழுதிவிட்டேன்.

கூட வந்தவர்களின் போனில் இருக்கும் படங்களையும் வாங்கிப் பாருங்கள். நாம் எடுத்த படத்தில் நாம் இருப்பதில்லை. மகள் போனில் நான் ஜன்னலோரம் தலைசாய்த்துத் தூங்கும் படம் ஒன்று கிடைத்தது.

ஆஸ்பத்திரிக்கும் துக்கத்துக்கும் போனதைப் பயணத்தில் சேர்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நான் சேர்ப்பதில்லை, அதற்குத்தான் நாலாவது பக்கம். ஆனால் மதுரையில் அம்மாவோடு இருந்த ஒன்பது நாளில் ஒரு சாயங்காலம் அக்காவும் நானும் மட்டும் தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்தோம். அந்த ஒரு வரியைப் பயணப் பக்கத்துக்கு மாற்றினேன்.

பொழுதுபோக்குப் பக்கத்தில் சாதித்ததை எழுத வேண்டாம், எத்தனை நாள் அதில் இருந்தீர்கள் என்று எழுதுங்கள். எனக்குப் பறவை பார்ப்பது. திருப்பூரிலிருந்து ஊத்துக்குளி போகும் வழியில் நஞ்சராயன் குளம் இருக்கிறது. பறவைகள் சரணாலயமாக அறிவித்த பிறகு, 2024 ஆகஸ்டில் உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. சாயப்பட்டறை ஊருக்குப் பக்கத்தில் இப்படி ஒரு நீர்நிலை உயிரோடு இருப்பது எங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்க நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்காகத்தான் அங்கே முதலில் போனேன்.

பார்த்ததை ஈபேர்டில் ஏற்றுகிறேன். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002இல் தொடங்கிய இலவசத் தளம் அது. வருடம், இடம், இனம் என்று எப்படி வேண்டுமானாலும் பிரித்துக் காட்டும். ஐந்தாறு தடவைதான் போனேன் என்று உறைக்குள் எழுதி வைத்தேன் அல்லவா? ஈபேர்ட் 19 என்றது. 19 காலைகள், 87 இனங்கள். கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, நாமக்கோழி, பனங்காடை. ஜனவரி 19 அன்று இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகள் ஏழு, பனிக்குள் நின்றன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. திரும்பத் திரும்ப அந்த 19 என்ற எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் பொழுதுபோக்குக்கு இப்படி ஒரு தளம் இல்லாமல் இருக்கலாம். மாடித்தோட்டம் என்றால் விதை வாங்கிய பில், தையல் என்றால் நூல் கடை யுபிஐ, வாசிப்பு என்றால் நூலக அட்டையில் விழுந்த தேதி முத்திரைகள். ஏதோ ஒன்று கட்டாயம் இருக்கும்.

விட்டுப்போனதையும் எழுதுங்கள். அதற்கு ஒரு முறை இருக்கிறது: கடைசியாகச் செய்த தேதியைக் கண்டுபிடித்து, அந்த வாரத்தின் நாள்வழியைப் படியுங்கள். எனக்கு வீணை வகுப்பு செவ்வாய்க்கிழமை மாலை 6 மணி. கடைசியாகக் கட்டணம் கட்டியது ஆகஸ்ட் 2. அடுத்த வாரத்திலிருந்து அலுவலகத்தை விட்டுக் கிளம்பவே 8 ஆகியிருக்கிறது. ஆசை குறைந்துவிட்டது என்று நாலு மாதம் என்னை நானே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். போனது ஆசையில்லை, செவ்வாய்க்கிழமை 6 மணி.

படி 5: உறையைத் திறந்து சரிக்கட்டுவது

வங்கிக் கணக்கையும் நம் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்து டிக் அடிக்கிற மாதிரி, முதல் படியில் எழுதிய பக்கத்தைப் பேரேட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். இரண்டிலும் இருப்பதற்கு டிக். ஞாபகத்தில் மட்டும் இருப்பது, பேரேட்டில் மட்டும் இருப்பது இரண்டையும் வட்டமிடுங்கள்.

மனம் ஏன் இப்படிக் கணக்கு எழுதுகிறது என்பதற்கு உளவியல் அறிஞர் டேனியல் கானமன் குழுவினர் 1993இல் வெளியிட்ட ஒரு சோதனை நல்ல விளக்கம். ஒரு கையை 14 டிகிரிக் குளிர் தண்ணீரில் 60 விநாடி வைக்கச் சொன்னார்கள். இன்னொரு முறை, அதே 60 விநாடியோடு மேலும் 30 விநாடி, அந்த நேரத்தில் மட்டும் தண்ணீரை மெல்ல 15 டிகிரிக்கு ஏற்றினார்கள். எதைத் திரும்பச் செய்யத் தயார் என்று கேட்டபோது பெரும்பாலோர் நீளமானதையே தேர்ந்தெடுத்தார்கள். அவதி அதில்தான் அதிகம், ஆனால் முடிவு கொஞ்சம் இதமாக இருந்தது. ஒரு அனுபவத்தின் உச்சமும் முடிவும்தான் மனதில் தங்குகின்றன, அது எவ்வளவு நேரம் நீடித்தது என்பது தங்குவதில்லை என்று அவர்கள் சொன்னார்கள். என் 2025இன் உச்சம் ஆகஸ்ட் 27. முடிவு, ஆர்டர் குறைந்த டிசம்பர். நடுவில் பரவிக்கிடந்த 19 காலைகளும் 52 சனிக்கிழமைகளும் அந்தக் கணக்கில் வரவே வழியில்லை.

வட்டமிட்டவற்றில் ஞாபகத்தில் மட்டும் இருப்பதைப் பொய் என்று அடித்துவிடாதீர்கள். வருத்தத்துக்கு வவுச்சர் கிடையாது. ஆகஸ்டில் நான் பயந்தது உண்மை, அந்தப் பயம் எந்த வங்கி அறிக்கையிலும் இல்லை. இரண்டும் அருகருகே இருக்கட்டும்.

படி 6: வீட்டில் படித்துக் காட்டுவது

நாள்வழித் தாள்களை வீட்டில் ஒருவரிடம் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். மதிப்பீட்டைச் சொல்லாமல் வரிகளை மட்டும் படியுங்கள். நான் ஜூன் தாளைப் படித்தபோது அம்மா இடைமறித்தார்.

"கட்டு பிரிச்ச அன்னிக்கு மொதல்ல யாரப் பாத்தேன் தெரியுமா?"

"யாரம்மா?"

"உன்னத்தான். தலையில இவ்ளோ நரை எப்ப வந்துச்சுன்னு நெனச்சேன். சொல்லல."

அதை அம்மா சொன்னபடியே ஜூன் தாளில் ஏற்றினேன். இப்படி வருபவற்றை வேறு நிற மையில் எழுதுங்கள், யார் சொன்னது என்றும் குறியுங்கள்.

படி 7: ஐந்தொகை, ஒரே பக்கம்

இப்போதுதான் மதிப்புப் போடலாம். பக்கத்தை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பக்கம் கையில் இருப்பது: கற்றது, முடித்தது, சேர்ந்த ஆட்கள், சேர்ந்த பழக்கம். இன்னொரு பக்கம் கொடுக்க வேண்டியது. இந்த இரண்டாவது பக்கத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பணக் கடன் ஒரு பக்கம் இருக்கட்டும், நன்றி சொல்ல வேண்டியவர்கள், திரும்பக் கூப்பிடுகிறேன் என்று சொல்லி விட்டுப்போன போன்கள், கொடுத்த வாக்கு எல்லாம் கடன்தான். என்னுடையதில் ஐந்து பெயர்கள் வந்தன. ஜிஎஸ்டி மாறிய வாரம் ராத்திரி 11 மணி வரை கூட உட்கார்ந்த தம்பிக்கு நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. அடுத்த நாளே சொன்னேன். "பரவால்லீங்க்கா" என்றவன், சாயங்காலம் வீட்டிலிருந்து முறுக்கு கொண்டுவந்து கொடுத்தான்.

அடியில் அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோகும் பாக்கி. மூன்றுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் கிழமையும் நேரமும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏற்றக் கூடாது. "உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்பது பாக்கி ஆகாது. என் பாக்கிகள் இவை: வீணை, இனி ஞாயிறு மாலை 4 மணி, டீச்சரிடம் பேசிவிட்டேன். அம்மாவின் இன்னொரு கண், மார்ச் கணக்கு முடிந்து ஏப்ரல் இரண்டாவது வாரம். மகளோடு மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி மலை ரயில், ஏப்ரல் விடுமுறை.

புதுத் தீர்மானங்கள் எழுதுவதை நான் நிறுத்திவிட்டேன். பழைய பாக்கி தீராமல் புதுக்கணக்கு தொடங்குவது எங்கள் தொழிலில் நல்ல வழக்கமில்லை.

அடுத்த வருடத்துக்கு வசதியாக

முழு நாட்குறிப்பு எழுதுகிறவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும், ஆனால் எல்லோராலும் முடியாது. நாளுக்கு ஒரு வரி போதும். தேதி போட்ட டைரியோ காலண்டர் கட்டமோ போனில் ஒரு குறிப்போ, எதுவானாலும் சரி. ராத்திரி பல் துலக்கிய உடனே எழுதுவது எனக்கு ஒத்துவருகிறது. இரண்டு நாள் விட்டுப்போனால் அப்படியே விட்டுவிட்டு இன்றைய வரியை எழுதுங்கள். பின்னோக்கி நிரப்ப உட்கார்ந்தால் பழக்கம் அங்கேயே அறுந்துவிடும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நான் மார்ச், ஜூன், செப்டம்பர் கடைசி ஞாயிறுகளில், அரை மணி நேரம் ஒதுக்கிப் படங்களைப் பார்த்து மாதத் தாளை நிரப்பிவிட்டால் டிசம்பரில் எட்டு மணி நேரம் நாலாகிவிடும். மாதக் காலண்டர் தாள்களை மட்டும் எதற்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

தாள்கள், உறை, பேரேட்டுப் பக்கங்கள், ஐந்தொகை எல்லாவற்றையும் ஓரத்தில் துளையிட்டு, அலுவலகத்தில் ஃபைல் கட்டும் டேக் கயிற்றால் கட்டி, மேலட்டையில் 2025 என்று எழுதிப் பீரோவில் வைத்துவிட்டேன். இப்போது அங்கே நாலு கட்டுகள் இருக்கின்றன. சமையலறையில் புதுக் காலண்டர் மாட்டியாகிவிட்டது. ஜனவரி 1, வியாழக்கிழமைக் கட்டத்தில் அம்மா பழைய அளவுக்கே திரும்பிய பொடி எழுத்தில் எழுதியிருக்கிறார்: "3 பாக்கெட். பாயசம்."